உயிர்காக்கும் கைப்பழக்கம் ஒரு நாள் பயிற்சியில் நிலைக்காது

நடவு முடிந்து எத்தனையாம் நாள் மேலுரம் இட வேண்டும் என்று கேட்டால், திருப்போரூர் வட்டாரத்தில் எந்த விவசாயியும் யோசிக்காமல் பதில் சொல்வார். இலை மடக்குப் புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் வேறுபாடு தெரியாத வீடு இங்கே குறைவு. ஆனால் பம்புசெட்டுக் கொட்டகையில் மின்சாரம் தாக்கி ஒருவர் பேச்சுமூச்சின்றி விழுந்து கிடந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்று கேட்டால், “தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதில் பாதிதான் சரி. விடுபட்ட மற்றப் பாதியைப் பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

பயிரைப் பற்றிய பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கிணறும், மின்மோட்டாரும், பூச்சிமருந்தும், பாம்பும், இடியும் நம் தொழிலோடு கூடவே இருப்பவை. விளைச்சலைப் பற்றி வாரந்தோறும் பேசும் நாம், விளைவிக்கிறவரின் உயிரைப் பற்றியும் ஒரு வாரம் பேசுவது பொருத்தமே. சி.பி.ஆர். என்று மருத்துவர்கள் சொல்லும் முதலுதவி, அதாவது நின்றுபோன இதயத்துக்குப் பதிலாக நெஞ்சை அமுக்கி இரத்தத்தை ஓட வைக்கும் முறை, விவசாயக் குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் அதை அடிக்கடி பழகிக்கொண்டும் இருக்க வேண்டும். இரண்டாவதாகச் சொன்னதுதான் முக்கியம். அதை நான் கற்றுக்கொண்ட விதம் வருத்தமானது.

என் கை மறந்துவிட்டது

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். திருப்போரூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் சம்பா நெல்லில் புகையான் தாக்குதலைப் பார்க்கப் போயிருந்தேன். பத்துப் பன்னிரண்டு விவசாயிகளுடன் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கிணற்று மேட்டிலிருந்து கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அடியில் விழுந்து கிடந்தார். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டிருக்கிறார். அவருடைய தம்பி பதறாமல் மெயினை அணைத்துவிட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “சார், நீங்க டாக்டராச்சே, கொஞ்சம் பாருங்க சார்” என்றார் ஒருவர். நான் பெற்றது வேளாண் விரிவாக்கத்தில் முனைவர் பட்டம். அதை விளக்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை. முதலுதவி ஒன்றுமே தெரியாது என்று சொல்லவும் முடியாது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் பயிற்சியில் கலந்துகொண்டு, பொம்மையின் மார்பை அமுக்கிக் காட்டி, சான்றிதழும் வாங்கியிருந்தேன். அது என் அலுவலக மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது.

மண்டியிட்டு உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்பதில் சந்தேகம். அமுக்குவது பதினைந்து தடவையா, முப்பது தடவையா என்பதில் சந்தேகம். நாடி பார்க்கலாம் என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் வீணாக்கினேன். அவர் வாய் அவ்வப்போது திறந்து மூடியது. மூச்சு இருக்கிறது என்று எண்ணிக் காத்திருந்தேன். அது மூச்சு அல்ல என்று பயிற்சியில் சொல்லித்தான் இருந்தார்கள். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். இன்னொருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். நான் அமுக்கத் தொடங்கியபோது ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். அதுவும், எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயத்தில், தடவிக் கொடுத்தது போலத்தான் இருந்தது. 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர்கள் அமுக்கியதைப் பார்த்த பிறகே, நான் செய்தது ஒன்றுமே இல்லை என்று புரிந்தது. அவர் பிழைக்கவில்லை.

நான் சரியாகச் செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வாய்ப்பு என் மறதியால் கிடைக்காமல் போயிற்று. காரியத்தன்று அவருடைய மனைவி என்னைக் கண்டு, “நீங்க கூட இருந்தீங்களே சார், அதுவே பெரிசு” என்று கும்பிட்டார். அந்த வார்த்தை என்னை இன்றுவரை விடவில்லை.

நிமிடங்களின் கணக்கு

இதயம் நின்றவுடன் மூளைக்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது. நான்கு முதல் ஆறு நிமிடத்துக்குள் மூளை கெடத் தொடங்குகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றவருக்கு, எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்துவிடுகிறது என்பது மருத்துவர்கள் கண்ட கணக்கு. திருப்போரூரிலிருந்து செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். வயல்வெளிக் கிணற்றிலிருந்து தார்ச்சாலைக்கு வருவதற்கே பத்து நிமிடம் ஆகலாம். எவ்வளவு விரைவாக ஓட்டினாலும் ஆம்புலன்ஸ் அந்த முதல் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட முடியாது. அந்த ஐந்து நிமிடமும் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது.

நெஞ்சை நன்றாக அமுக்கினால் வழக்கமாக ஓடும் இரத்தத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஓடும். மோட்டார் எரிந்துபோனால், காயில் கட்டி வரும்வரை குடத்தில் மொண்டு ஊற்றி நாற்றங்காலைக் காய விடாமல் வைத்திருக்கிறோம் அல்லவா? இதுவும் அது போன்றதே. குடத்து நீரால் பயிர் விளையாது. ஆனால் மோட்டார் வரும்வரை நாற்று உயிரோடு இருக்கும்.

இந்த முறை மிகப் பழையதும் அல்ல. வெறும் கையால் நெஞ்சை அமுக்கியே இரத்தத்தை ஓட வைக்கலாம் என்பதை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் 1960-ல் எழுதி வெளியிட்டனர். அவர்களில் கூவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். மின்சாரம் தாக்கியவர்களை எப்படிக் காப்பது என்ற ஆராய்ச்சியின் வழியே பிறந்த முறை இது. பம்புசெட்டு விவசாயிக்கு இதைவிட நெருக்கமான மருத்துவக் கண்டுபிடிப்பு இருக்க முடியுமா? அதே 1960-ல் நார்வே நாட்டைச் சேர்ந்த லேர்டால் என்ற பொம்மை வியாபாரி பயிற்சிக்கான முழு உருவப் பொம்மையைச் செய்து கொடுத்தார். உலகமெங்கும் மக்கள் பழகுவது அந்த வழி வந்த பொம்மைகளில்தான்.

பொது மக்கள் கற்றால் பயன் உண்டா என்பதற்கு டென்மார்க் நாடு நல்ல சான்று. அங்கே 2005-ல் பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கினார்கள். 2006 முதல் ஓட்டுநர் உரிமம் பெறுவோரும் கற்க வேண்டும் என்றார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் அருகிலிருந்தவர்கள் முதலுதவி செய்தது 2001-ல் நூற்றுக்கு 21 பேருக்கு. 2010-ல் அது 45 ஆக உயர்ந்தது. முப்பது நாள் கடந்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 3.5-லிருந்து 10.8 ஆனார்கள். இந்த உயர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் பக்கத்தில் நின்றவர் கை கட்டி நிற்காதது அவற்றுள் முதன்மையானது.

நம் மாநிலத்திலும் ஏற்பாடுகள் பெருகியிருக்கின்றன. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021-ல் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. பொது மக்கள் வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குவதை உணர்ந்து, நெஞ்சை அமுக்குவதை மட்டும் கற்றுக்கொடுக்கும் எளிய முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-ல் வகுத்துத் தந்தார்கள். வண்டி இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, முறையும் இருக்கிறது. இடையில் உள்ள ஐந்து நிமிடத்துக்குத்தான் ஆள் இல்லை.

விரிவாக்கப் பணி தந்த பாடம்

ஆள் இல்லாததற்குப் பயிற்சியே நடக்காதது மட்டும் காரணம் அல்ல. பயிற்சிகள் நடக்கின்றன. ஒரு நாள் கூட்டி, பொம்மையை வைத்துச் செய்து காட்டி, தேநீர் கொடுத்து, புகைப்படம் எடுத்து, சான்றிதழ் தந்து அனுப்பிவிடுகிறார்கள். அதோடு சரி. கற்ற மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இந்தத் திறமை குறையத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. சான்றிதழில் இரண்டு ஆண்டு என்று போட்டிருக்கலாம். கைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆறு ஆண்டு கழித்து என் கை என்ன செய்தது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இது விரிவாக்கத் துறைக்குப் புதிய செய்தி அல்ல. 1970-களிலும் 80-களிலும் நம் நாட்டில் பயிற்சி, பார்வையிடல் திட்டம் என்று ஒன்று நடந்ததை மூத்த விவசாயிகள் அறிவார்கள். கிராம அளவிலான பணியாளருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பயிற்சி. அவர் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட கிராமத்துக்கு வந்து தொடர்பு விவசாயிகளைச் சந்திப்பார். அதன் அடிப்படை எளியது: ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லாதே, அந்தந்தப் பருவத்துக்கு வேண்டியதை மட்டும் சொல், திரும்பத் திரும்ப வா. அந்தத் திட்டத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அடிப்படை பிழையானது அல்ல. விதை நேர்த்தியை ஒரு முறை செய்து காட்டிவிட்டு வந்தால் அடுத்த ஆண்டு பாதிப் பேர் விட்டுவிடுவார்கள் என்பதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். செய்து காட்டுவது ஒன்று. செய்ய வைப்பது வேறு. பழக்கமாக்குவது இன்னும் வேறு. உயிர் விஷயத்தில் மட்டும் ஒரு நாள் காட்சி போதும் என்று எப்படி நினைத்தோம்?

நம் வட்டாரத்தில் எங்கே தேவைப்படும்?

திருப்போரூரைச் சுற்றி ஏரிகளும் கிணறுகளும் நிறைய. கிழக்கே பக்கிங்காம் கால்வாயும், முட்டுக்காட்டுக் கழியும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடலும் இருக்கின்றன. கிருத்திகை நாளில் கந்தசாமி கோயிலுக்கு வந்து சரவணப் பொய்கையில் இறங்குவோரும் உண்டு. ஆகவே நீரில் மூழ்குவது நமக்கு முதல் ஆபத்து. மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பதும் இன்னும் நடக்கின்றன. இவை நேரத்தை வீணாக்குவதோடு, வயிற்றில் உள்ளது மூச்சுக்குழலில் ஏறவும் செய்யும். மூழ்கியவருக்குக் குறைவது காற்று. பயிற்சி பெற்றவர் முதலில் இரண்டு முறை வாய்வழி மூச்சு ஊதி, பிறகு முப்பது அமுக்குக்கு இரண்டு மூச்சு என்று தொடர வேண்டும். ஊதத் தெரியாதவர் அமுக்குவதையாவது உடனே தொடங்க வேண்டும்.

மின்சாரம் தாக்கியவரை மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. அறுந்து விழுந்த கம்பி என்றால் அருகே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே நெருங்க வேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவர் விழுவது அடிக்கடி நடப்பது. மூடிக் கிடந்த பாழ்கிணற்றில் இறங்கி மயங்கியவரைப் பின்தொடர்ந்து இறங்குவதும் அப்படியே. தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். இடி தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, பயமின்றித் தொடலாம். இடி ஒரே நேரத்தில் பலரைத் தாக்கினால், முனகுகிறவரை விட்டு, செத்தவர் போலக் கிடப்பவரை முதலில் கவனிக்க வேண்டும். உடனே அமுக்கினால் அவர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பாம்புக் கடியைப் பற்றி நம் பகுதிக்குச் சொல்ல வேண்டியது தனியாக உண்டு. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சு, நாடெங்கும் பயன்படும் விஷமுறிவு மருந்து செய்ய உதவுகிறது. அந்த மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. கடி நடப்பது வயலிலும், தரையில் படுத்திருக்கும் வீட்டிலும். நல்லபாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் நஞ்சு நரம்பைத் தாக்கி, கண் இமை தொங்கி, கடைசியில் மூச்சு நிற்கும். வழியில் மூச்சு நின்றவருக்கு மூச்சு ஊதியும் நெஞ்சை அமுக்கியும் மருத்துவமனை வரை கொண்டு சேர்த்தால், மருந்துக்கும் சுவாசக் கருவிக்கும் வேலை செய்ய அவகாசம் கிடைக்கும். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது.

பூச்சிமருந்து குடித்தவருக்கோ, மருந்து உடலில் பட்டு விழுந்தவருக்கோ வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது, ஊதுகிறவருக்கும் ஆபத்து. கையுறையோ பாலிதீன் பையோ அணிந்து, மருந்து பட்ட துணியைக் களைந்து, நெஞ்சை மட்டும் அமுக்க வேண்டும்.

செய்முறை

கீழ்க்காண்பவற்றைக் கத்தரித்துப் பம்புசெட்டுக் கொட்டகையில் ஒட்டி வைக்கலாம். ஆனால் படித்தால் மட்டும் வராது, பழகினால்தான் வரும்.

1. முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். பிறகு தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள்.

2. பதில் இல்லை என்றால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்கு மேற்படாமல் பாருங்கள். கரையில் போட்ட மீன் வாய் திறப்பது போல எப்போதாவது விக்குவது மூச்சு அல்ல. நாடி தேட வேண்டாம்.

3. ஒருவரை 108-க்குப் பேசச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் நீங்களே பேசி, செல்போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். ஊர்ப் பெயரோடு கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி போன்ற அடையாளத்தையும் சொல்லுங்கள். வண்டிக்கு வழி காட்ட ஓர் ஆளைச் சாலைக்கு அனுப்புங்கள்.

4. மல்லாக்கக் கெட்டியான தரையில் கிடத்துங்கள். கயிற்றுக் கட்டில் உதவாது; சேற்று வயலும் உதவாது. வரப்புக்கோ களத்துக்கோ கொண்டு வாருங்கள்.

5. நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மற்றக் கையை வையுங்கள். முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரத்தால் நேராக அமுக்குங்கள். ஆழம் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டரையைத் தாண்ட வேண்டாம்.

6. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு. வாய்விட்டு எண்ணுங்கள். ஒவ்வொரு அமுக்குக்கும் பிறகு நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப விடுங்கள். கையை மட்டும் எடுக்க வேண்டாம்.

7. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். எவ்வளவு பலசாலியானாலும் அதற்கு மேல் அமுக்கும் ஆழம் குறைந்துவிடும். மாறும்போது இடைவெளி விடக் கூடாது.

8. அவர் அசையும்வரை, அல்லது ஆம்புலன்ஸ் ஊழியர் வந்து பொறுப்பேற்கும்வரை நிறுத்த வேண்டாம்.

சிறுவர்களுக்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போதும். அவர்களுக்கு மூச்சு ஊதுவது மிக அவசியம். கைக்குழந்தைக்குக் கை வைக்கும் முறையே வேறு. அதைப் பயிற்சியில் நேரே பார்த்துக் கற்க வேண்டும்.

நான்கு தயக்கங்கள்

முதல் தயக்கம், எலும்பு முறியுமோ என்பது. சில சமயம் விலா எலும்பு முறியும். முறிந்த எலும்பு ஆறும். நின்ற மூளை திரும்பாது. இதயம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தவறுதலாக அமுக்கிவிட்டாலும் பெரிய தீங்கு நேர்வது அரிது. அமுக்காமல் விடுவதில் உள்ள தீங்கே பெரிது.

இரண்டாவது, போலீஸ், கோர்ட்டு என்று இழுப்பார்களோ என்பது. சாலை விபத்தில் உதவுகிறவரைத் தொல்லை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உறுதி செய்தது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும் பாதுகாப்பு தருகிறது. நினைவிழந்தவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமாகாது என்பது 2024-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவிலும் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்ததுதான்.

மூன்றாவதை யாரும் வெளியே சொல்வதில்லை. விழுந்து கிடப்பது ஒரு பெண் என்றால் ஆண்கள் தொடத் தயங்குகிறார்கள். விழுந்தவர் எந்தத் தெரு, அமுக்க வேண்டியவர் எந்தத் தெரு என்று பார்க்கிற மனம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பின்னதற்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நெஞ்செலும்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முன்னதற்கு வழி, பெண்களுக்குப் பயிற்சி தருவது. நடவிலும் களையெடுப்பிலும் கூட்டமாக நிற்பவர்கள் அவர்கள்தாம். வீட்டில் பெரியவர் விழும்போது பக்கத்தில் இருப்பவரும் பெரும்பாலும் ஒரு பெண்ணே. ஆனால் பயிற்சிக்கு வரும் பட்டியலைப் பார்த்தால் ஆண்கள் பெயரே நிறைந்திருக்கிறது. மகளிர் குழுக்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது, படிக்காதவர்களால் முடியுமா என்பது. நாற்று முடி போடுகிற கையும், ஏர் பிடித்த தோளும் இதற்குப் போதும். சான்றிதழ் வாங்கிய படித்தவன் தடுமாறியதை மேலே கண்டோம்.

பருவத்துக்கு ஒரு தடவை

ஆகவே என் யோசனை இது. செங்கற்பட்டுச் சீமையில் நமக்குப் பருவம் மூன்று: சொர்ணவாரி, சம்பா, நவரை. நாற்றங்கால் விடும் காலத்தோடு முதலுதவிப் பழக்கத்தையும் சேர்த்துவிடுவோம். மூன்று பருவம் என்றால் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. கை மறக்கத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. சொர்ணவாரிக்கு மே 1, சம்பாவுக்கு ஆகஸ்ட் 15, நவரைக்கு ஜனவரி 26 என்று கிராமசபை கூடும் நாட்களும் பொருந்தி வருகின்றன. கூட்டம் தொடங்குமுன் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆளுக்கு இரண்டு நிமிடம் பொம்மையை அமுக்கிவிட்டுப் போகலாம். சொற்பொழிவு வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

முதல் தடவை, தெரிந்தவர்களிடம் முறையாகக் கற்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், அரசு மருத்துவமனை ஆகியவற்றை ஊராட்சியின் பெயரில் எழுதிக் கேட்கலாம். பயிற்சிப் பொம்மை ஒன்றைப் பல ஊராட்சிகள் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடலாம். விசைத்தெளிப்பானைச் சங்கத்தில் வாங்கிப் பொதுவில் பயன்படுத்திய ஊர்களுக்கு இது புதிதல்ல. வேளாண் துறையும், காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் போன்றவையும் தங்கள் பயிற்சி நாளில் கடைசிப் பதினைந்து நிமிடத்தை இதற்குக் கொடுக்கலாம். மின்மோட்டார் பற்றியும் பூச்சிமருந்து பற்றியும் பேசுகிற பயிற்சி, அவற்றால் விழுந்தவரை எழுப்புவது பற்றிப் பேசாமல் முடிவது முறை அல்ல. என் துறையில் உள்ளவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

இடைப்பட்ட காலத்தில் வீட்டிலேயே பழகலாம். நான் ஒரு சாக்கில் வைக்கோலை இறுக்கித் திணித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் அமுக்குகிறேன். மனித நெஞ்சு போல அது இருக்காது. ஆனால் முழங்கை மடங்காமல் நிற்கவும், எண்ணிக்கை பிசகாமல் வரவும் அது உதவுகிறது. நல்ல நிலையில் உள்ள மனிதர் மேல் ஒருபோதும் பழகிப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் விளையாட்டாகச் செய்யவும் விடக் கூடாது.

அந்தக் கிணற்று மேட்டில் விழுந்தவரின் தம்பி இப்போது அதே நிலத்தைப் பயிரிடுகிறார். ஸ்டார்ட்டர் பெட்டியை மழை படாத இடத்துக்கு மாற்றி, மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் சாதனமும் பொருத்தியிருக்கிறார். போன நவரையில் அவர் வீட்டுத் திண்ணையில் சாக்கை வைத்து நானும் அவரும் மாறி மாறி அமுக்கிப் பார்த்தோம். அவர் முப்பதுவரை பிசகாமல் எண்ணினார். பிறகு, “இது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா...” என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது, பழகாமல் விட்டிருந்தேன். இந்தப் பருவத்து விதையை ஊற வைக்கும் நாளில் வாசகர்கள் தங்கள் வீட்டில் ஒருவரையாவது இதற்குத் தயார் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவத்து விதையை ஊற வைக்கும்போது, மறக்காமல் மறுபடியும் பழகுங்கள்.